1958 மரண அறிவிப்பு ஒன்று கையில் இருக்கிறது, இதற்கு மேலே போவது எப்படி? (குமரி மாவட்டக் குடும்ப வேர்கள்)

வேளிமலை

எல்லாருக்கும் வணக்கம். எங்க பாட்டியின் பெட்டியில் மடித்து வைத்த ஒரு பத்திரிகைத் துண்டு கிடைத்தது. 1958-ம் வருஷத்து மரண அறிவிப்பு. இறந்தவர் எங்க பாட்டாவின் அத்தை, அதாவது பூட்டனின் அக்கா. வயது 82 என்று போட்டிருக்கிறது. மூத்த மகன் பீர்மேடு எஸ்டேட்டில், அடுத்தவர் கொழும்பில், மகளைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது, கடைசி மகன் ஊரில். கணவர் பெயரும் வீட்டுப்பெயரும் இருக்கின்றன. அப்பா பெயர் இல்லை.

எனக்குப் பெரிய ஆச்சரியம் கடைசி வரிதான். அடக்கம் நடந்தது ஒரு கத்தோலிக்கக் கோயில் கல்லறைத் தோட்டத்தில். நாங்கள் தெரிந்த காலம் முதல் சிஎஸ்ஐ, அதாவது சீர்திருத்த சபை. இப்படி ஓர் அத்தை இருந்ததையே வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

பிறப்பு இறப்பு பதிவில் கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு பழசு இல்லை, வேண்டுமானால் பதிவு இல்லை என்று சான்று தருகிறோம் என்றார்கள். கல்குளம் தாலுகா, தக்கலைப் பக்கம் எங்க ஊர். அந்த அத்தையின் அப்பாதான் எங்க எல்லாருக்கும் மூலம். அவர் யார், எந்த வீடு என்று தெரிய வேண்டும். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெயர்களைப் பொதுவில் போட விருப்பமில்லை, மன்னிக்கவும்.

நெய்யூர்வாசி

தம்பி, நல்ல இடத்தில்தான் தொடங்கியிருக்கிறீர்கள். மரண அறிவிப்பில் இறந்தவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. கீழே இருக்கும் ஜனங்களின் பட்டியலும் அடக்கம் நடந்த இடமும்தான் நமக்கு வேண்டியவை. நான் சபைக் கணக்கு வழக்குகளோடு ரொம்ப நாள் இருந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் வயது. 82 என்பதை அப்படியே பிடித்துக்கொண்டு 1876-ல் மட்டும் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் 99 வெள்ளத்தில் பிள்ளை கையில் இருந்தது, இன்ன ராஜா பட்டத்துக்கு வரும்போது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றுதான் வயது சொல்வார்கள். 99 வெள்ளம் என்பது கொல்லம் 1099 ஆடி, அதாவது 1924 ஜூலை. 1865 முதல் 1885 வரை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, உங்க குடும்பம் சிஎஸ்ஐ என்றால் 1947-க்கு முன் லண்டன் மிஷன். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். மீட் ஐயர் 1818-ல் நாகர்கோவில் வந்து, 1828-ல் நெய்யூரில் மிஷன் தொடங்கினார். தக்கலைப் பக்கத்துச் சபைகள் பலவும் நெய்யூர் வட்டத்தில்தான் இருந்தன. ஒவ்வொரு சேகரத்திலும் (ஒரு போதகரின் கீழ் வரும் சபைகள்) ஞானஸ்நான ரிஜிஸ்டர், விவாக ரிஜிஸ்டர், அடக்க ரிஜிஸ்டர் தனித்தனியாக உண்டு. இன்றைக்கு உங்க சபை எந்தச் சேகரத்தில் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். 1870-களில் தாய்ச் சபை எது என்று பாருங்கள். சேகரங்கள் பிரிந்து பிரிந்து வந்தவை, பழைய புத்தகம் தாய்ச் சபையில்தான் இருக்கும்.

ஞானஸ்நானத்தில் குழந்தையின் பெயர், அப்பா அம்மா பெயர், ஊர், சில புத்தகங்களில் அப்பாவின் தொழிலும் இருக்கும். பெரியவர்கள் ஞானஸ்நானம் எடுத்திருந்தால் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்த்து எழுதியிருப்பதும் உண்டு. அந்த ஒரு வரி கிடைத்தால் போதும், மிஷனுக்கு முந்தைய காலத்துக்குள் ஒரு கால் வைத்துவிடலாம்.

மார்த்தாண்டம்88

இழையைத் தொடர்கிறேன். எனக்கும் இதே தேடல்தான். எங்க பூட்டனின் பெயர் முழுக்க ஆங்கிலேயப் பெயர், குடும்பப் பெயர் உட்பட. வெள்ளைக்கார வம்சம் கலந்திருக்கிறது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையாக இருக்குமா?

நெய்யூர்வாசி

பெயரை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது மக்களே. லண்டன் மிஷன் போர்டிங் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை இங்கிலாந்தில் உள்ள ஒரு குடும்பமோ சபையோ ஏற்றுக்கொண்டால், அந்தக் கொடையாளரின் பெயரையே பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. அப்படி வந்த பெயர்கள் நம்ம மாவட்டத்தில் நிறைய. உங்க பூட்டன் போர்டிங்கில் படித்தவரா, உபதேசியாராகவோ வாத்தியாராகவோ இருந்தவரா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால் பெயர் வந்த வழி அனேகமாக அதுதான். அதில் குறைவு ஒன்றும் இல்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு மிஷன் அறிக்கைகளில் தேடலாம், அது ஒரு லாபம். அறிக்கைகள் பல இப்போது இணைய நூலகங்களில் படமாகவே கிடைக்கின்றன.

முட்டம்_அலை

வேளிமலை அண்ணே, உங்க அத்தை கதைக்குச் சாவி கத்தோலிக்கக் கோயிலில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க பக்கத்துப் பங்குகளில் பழைய பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம். எல்லாப் பதிவும் ஒரே வாய்ப்பாடு, திரும்பத் திரும்ப வரும் பத்துப் பதினைந்து சொற்கள் தெரிந்தால் போதும். 'பிலியுஸ்' மகன், 'பிலியா' மகள், 'பத்ரினுஸ்' ஞானத்தகப்பன், 'மத்ரினா' ஞானத்தாய். ஆட்களின் பெயரும் ஊர்ப்பெயரும் லத்தீன் எழுத்தில் தமிழ் ஒலியோடுதான் இருக்கும். எழுதியவர் பெல்ஜியத்துச் சாமியாராக இருந்தால் நம்ம ஊர்ப்பெயர் அவர் காதில் விழுந்தபடி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

உங்க அத்தை சபை மாறிக் கல்யாணம் செய்திருந்தால் கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் அவருக்கு ஞானஸ்நானம் என்று ஒரு பதிவு இருக்க வேண்டும். சீர்திருத்த சபையில் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு அந்தக் காலத்தில் 'சுப் கொண்டிசியோனே' என்று, நிபந்தனையோடு, மறுபடி கொடுப்பார்கள். அந்தப் பதிவில் அவர் அப்பா அம்மா பெயர் இருக்கும். நீங்கள் தேடுவது அதுதானே? ஆகவே திருமணப் பதிவேட்டில் நாளைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய இரண்டு மாத ஞானஸ்நானப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அப்புறம், பதிவின் ஓரத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். 1908-ல் நடைமுறைக்கு வந்த ரோமாபுரி விதிப்படி, ஒருவருக்குக் கல்யாணம் ஆனால் அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, அங்கே அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் எழுத வேண்டும். எந்த நாள், எந்தக் கோயில், யாரோடு என்று. நம்ம வம்சாவளிகளில் பெண்பிள்ளைகள் கட்டிக்கொடுத்த கையோடு மறைந்துபோகிறார்கள். இந்த ஓரக்குறிப்பு அவர்களைத் திரும்பக் கண்டுபிடித்துத் தரும். உங்க அத்தையின் மகள் திருவனந்தபுரத்தில் எந்தக் கோயிலில் கல்யாணம் ஆனார் என்பது ஊர்ப் புத்தகத்திலேயே கிடைக்கலாம்.

இன்னொன்று, என் மனதுக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம ஆட்கள் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டுகிறவர்கள். சபைச் சட்டப்படி இரத்த உறவில் கட்ட விலக்கு வாங்க வேண்டும். திருமணப் பதிவில் அந்த விலக்கும் அது எத்தனையாம் படி உறவு என்பதும் எழுதப்படும். இரண்டாம் படி என்றால் இருவருக்கும் பாட்டா பாட்டி ஒன்று. மூன்றாம் படி என்றால் பூட்டன் பூட்டி ஒன்று. 1917 சட்டத்தொகுப்புக்கு முன் நாலாம் படி வரைக்கும் விலக்கு வேண்டும். எங்க வீட்டில் இரண்டு கிளைகள் ஒரே மூலம் என்று நாங்கள் தெரிந்துகொண்டது இப்படி ஒரு 'மூன்றாம் படி' குறிப்பை வைத்துத்தான். வேறு எந்தக் காகிதத்திலும் அந்த உறவு இல்லை.

கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல்தான் கொல்லத்திலிருந்து பிரிந்தது. ஆகவே ஆயருக்குப் போன பழைய விலக்கு மனுக்கள், அறிக்கைகள் வேண்டுமென்றால் கொல்லத்தில் கேட்க வேண்டும். பங்குப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருக்கும்.

தக்கலை_செல்வி

ஒரு சின்னச் சேர்ப்பு. முளகுமூடு பக்கம் என்றால் அங்கே ஆதரவற்ற பிள்ளைகள் இல்லமும் இருந்தது. மரி லூயிஸ் தெ மேஸ்தர் அம்மையார் 1897-ல் பெல்ஜியத்திலிருந்து வந்து பொறுப்பேற்றது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். குடும்பத்தில் யாராவது அங்கே வளர்ந்தவர்கள் என்று பேச்சு இருந்தால் அந்தப் பக்கமும் கேட்டுப் பாருங்கள். எங்க பாட்டி அங்கே லேஸ் பின்னப் படித்தவர்.

தோவாளை_மரக்கால்

கோயில் புத்தகம் இல்லாத குடும்பங்களுக்கு என்ன வழி என்று நான் சொல்கிறேன். எங்களுக்கு எல்லாமே பிரமாணத்தில்தான், அதாவது சொத்துப் பத்திரத்தில்தான், இருக்கிறது.

பழைய பிரமாணத்தின் முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கொல்லம் 1062-ம் ஆண்டு ஆவணி மாதம் இன்ன தேதி, இன்ன தாலுகா, இன்ன பகுதி, இன்ன தேசத்தில் இன்ன வீட்டில் இன்னார் மகன் இன்ன ஜாதி விவசாயம் இத்தனை வயது இன்னாருக்கு, மேற்படி பகுதி...' என்று போகும். ஒரே மூச்சில் அப்பா பெயர், வீட்டுப்பெயர், வயது, தொழில், ஊர் எல்லாம் வந்துவிடுகிறது. எழுதிக்கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இரண்டு பேருக்கும் வரும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பாதி நேரம் மச்சினனாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார்.

கொல்லம் ஆண்டை மாற்றுவது எளிது. ஆவணி பிறந்து டிசம்பர் முடியும் வரை 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825. மேலே சொன்ன 1062 ஆவணி 1886. அதே 1062 சித்திரை என்றால் 1887. கல்குளம், விளவங்கோடு பக்கம் பிரமாணம் மலையாளத்தில் இருந்தால் சிங்கம் நம்ம ஆவணி, மகரம் நம்ம தை, மேடம் சித்திரை, கர்க்கிடகம் ஆடி. பழைய பிரமாணத்தில் இரணியல் தாலுகா என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். அப்படி ஒரு தாலுகா இருந்தது, பிறகு கல்குளத்தோடு சேர்ந்தது.

எங்க நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பங்களில் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. கொல்லம் 1101-ல், அதாவது 1926-ல், சட்டம் வரும் வரைக்கும் சொத்து மருமக்கள்வழி. மாமன் சொத்து சகோதரி பிள்ளைக்கு. ஆகவே பிரமாணத்தில் வயலை அடுத்து அனுபவிக்கிறவர் மகன் என்று எடுத்துக்கொண்டு மரம் போட்டால் மொத்தக் கிளையும் தப்பாகிவிடும். காரணவர் (குடும்பத் தலைவர்) யார், அவர் சகோதரி யார் என்று பார்த்துப் பெண்வழியாக மேலே போக வேண்டும். பெற்ற பிள்ளைகளையும் மனைவியையும் பார்க்க வேண்டுமென்றால் உகந்துடைமை கொடுத்த பத்திரங்களைத் தேடுங்கள். அப்பன் பிள்ளைக்கு என்று எழுதினது அதில்தான் தெரியும்.

ஆதாரம்_எழுத்து

பத்திர எழுத்து வேலையில் இருக்கிறேன். நடைமுறை விஷயம் இரண்டு சொல்கிறேன்.

ஆவண எண் தெரியாவிட்டாலும் தேடலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலாம் அட்டவணை ஆட்களின் பெயர் வாரியாக, இரண்டாம் அட்டவணை சொத்து வாரியாக. கட்டணம் கட்டிப் பார்வையிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவரோ அவருடைய ஏஜென்டோ மட்டும்தான் நகல் கேட்கலாம். அவர் காலமான பிறகு யார் மனுப் போட்டாலும் நகல் தரலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது, கேட்பதற்கே தயங்கி நிற்கிறார்கள்.

அடுத்தது பாகத் தாவா. குடும்பத்தில் சொத்து வழக்கு நடந்ததென்றால் வெட்கப்படாமல் அந்தக் கட்டைத் தேடுங்கள். தாவாப் பத்திரத்தோடு வம்சாவளிப் பட்டிகை இணைத்திருப்பார்கள். அதை எதிர்த்தரப்பு ஒவ்வொரு பெயராக மறுத்தோ ஒப்புக்கொண்டோ பதில் போட்டிருக்கும். இரண்டு பக்கமும் அலசின வம்சாவளி அது. மேல்முறையீடு ஹைக்கோர்ட் வரை போயிருந்தால் திருவிதாங்கூர் லா ரிப்போர்ட்ஸ் தொகுதிகளில் அச்சாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கிட்டத்து காலத்துக்கு என்றால் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றே ஒரு சின்ன வம்சாவளிதான்.

இடலாக்குடி_பழமை

எங்க பக்கம் ஜமாஅத் நிக்காஹ் பதிவேடுதான் முதல் படி. மணமகன் மணமகளோடு இருவரின் தகப்பனார் பெயர், மஹர் தொகை, வலி (மணமகளின் பொறுப்பாளர்) யார், சாட்சிகள் யார் என்று இருக்கும். வலியாக நிற்பவர் தகப்பனார் இல்லையென்றால் அவர் அதற்குள் மவுத் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், அதுவே ஒரு தடயம். கப்ர்களில் கல் வைத்துப் பெயர் எழுதுவது எங்களில் குறைவு, அதனால் இந்தப் புத்தகத்தை விட்டால் வேறு வழி குறைவு. நம்ம மாவட்டத்தில் குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு என்று பெண் கொடுத்து எடுத்தவர்கள் நாங்கள். ஒரு ஜமாஅத்தோடு நிறுத்தாமல் பெண் வீட்டு ஜமாஅத்திலும் கேட்க வேண்டும்.

குழித்துறை_ராஜன்

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு காகிதம் எதற்கு? எங்க குடும்பம் பாண்டிய நாட்டிலிருந்து ராஜ குடும்பத்தோடு வந்தது என்று குலதெய்வக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டில் இப்போதும் பாடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த வாய்மொழியை விட ஒரு குமாஸ்தா எழுதின புத்தகம் எப்படி உசத்தி ஆகும்?

தோவாளை_மரக்கால்

உசத்தி தாழ்த்தி இல்லை ராஜன். வாய்மொழியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. யார் சொன்னது, யாரிடம் கேட்டது, எந்த வருஷம் என்று சேர்த்து எழுதி வையுங்கள். பாட்டில் வரும் ஊர்ப்பெயர், சாமி பீடம் எந்த ஊரிலிருந்து மண் எடுத்து வந்தது, கொடைக்கு முதல் மரியாதை எந்த வீட்டுக்கு, இவையெல்லாம் பிரமாணத்தில் கிடைக்காத சங்கதி. ஆனால் ராஜ குடும்பத்தோடு வந்தோம் என்று பக்கத்துக்குப் பக்கம் எல்லாச் சமுதாயத்திலும் கதை இருக்கிறது. அதை மரத்தின் உச்சியில் எழுதிவிட்டு, நடுவில் நாலு தலைமுறை பெயர் தெரியாமல் கோடு இழுத்துச் சேர்ப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை.

குழித்துறை_ராஜன்

அந்த நடுவில் நாலு தலைமுறை எங்களுக்கும் தெரியாது என்பது உண்மைதான். பாட்டுப் பாடுகிற அண்ணாவி உயிரோடு இருக்கும்போதே அவரைப் பேச வைத்துப் பதிவு செய்கிறேன்.

பறளியாறு

ரொம்ப நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிரமாணம், உகந்துடைமை, பாகத் தாவா என்று சொல்கிறீர்கள். நிலம் இருந்தவனுக்குத்தான் அதெல்லாம். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து விளம்பரம் வந்தது 1855-ல். எங்க முன்னோர் அதற்கு முன் பிரமாணம் எழுதியவர்கள் இல்லை, பிரமாணத்தில் எழுதப்பட்டவர்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் ஆட்களை விற்ற ஓலைகள் இருக்கின்றன. நாஞ்சில் நாட்டில் எங்களைப் போன்ற குடும்பங்களின் பழைய சுவடு அப்படித்தான் கிடைக்கிறது. அதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கும். ஆனாலும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு அப்பா பெயர், அம்மா பெயர் என்று இரண்டையும் மரியாதையோடு எழுதின முதல் புத்தகம் மிஷன் ஞானஸ்நான ரிஜிஸ்டர். அதனால்தான் சொல்கிறேன், அந்த ரிஜிஸ்டர்களைக் கரையான் தின்ன விடாதீர்கள். பிரமாணம் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும். இந்தப் புத்தகம் போனால் எங்களுக்கு இரண்டாவது பிரதி எங்கும் இல்லை. ஒரு சபையில் பழைய புத்தகங்களை ஈரச்சுவர் அலமாரியில் சாக்கில் கட்டிப் போட்டிருந்ததைப் பார்த்தேன். கமிட்டியில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். செல்போன் போதும்.

நெய்யூர்வாசி

பறளியாறு சொன்னது முழுக்க நியாயம். எங்க சேகரக் கமிட்டியில் இதை எடுத்து வைக்கிறேன். வெறும் வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை.

கீரிப்பாறை_மலை

வேளிமலை அண்ணாச்சி, கொழும்பு மகனை விட்டுவிடாதீர்கள். நம்ம மாவட்டத்திலிருந்து சிலோன் தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் போனவர்கள் நிறைய. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகள் திரும்பி வந்திருந்தால் குடும்ப அட்டை, இந்தியப் பாஸ்போர்ட் என்று காகிதம் இருக்கும். அதில் சொந்த ஊரும் இருக்கும். எங்க அரசு ரப்பர் தோட்டமே தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க வந்ததுதான். ஆனால் இங்கே குடியேறினவர்களில் வேறு மாவட்டத்து ஆட்களே நிறைய, அதையும் மனதில் வையுங்கள்.

வீட்டில் யாராவது இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பவில்லை என்று பேச்சு உண்டா? இருந்தால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். 'இன்னார் மகன், நெய்யூர், திருவிதாங்கூர்' என்கிற மாதிரி அப்பா பெயரும் ஊரும் சேர்த்துப் பல பதிவுகள் இருக்கின்றன. மனைவி பெயர் உள்ளதும் உண்டு. ரங்கூன், சிங்கப்பூர் நினைவுச் சின்னங்களில் நம்ம ஊர்ப் பையன்கள் இருக்கிறார்கள். காசு இல்லாமல் பார்க்கலாம்.

மார்த்தாண்டம்88

பத்திரிகைகள் பற்றி யாரும் எழுதவில்லையே? பழைய மரண அறிவிப்புகள் எங்கே கிடைக்கும்?

தக்கலை_செல்வி

1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. ஆகவே மலையாளப் பத்திரிகைகளில் சரமப் பக்கம், அதாவது மரண அறிவிப்புப் பக்கம், முக்கியம். படித்த குடும்பங்கள், திருவனந்தபுரத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள் அங்கேதான் போடுவார்கள். தமிழில் என்றால் தினமலர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957-ல் திருநெல்வேலிக்குப் போனது. அந்த ஆண்டுகளின் இதழ்களில் நம்ம பக்கத்துச் செய்திகள் ஏராளம். சென்னையில் கன்னிமாரா நூலகமும் திருவனந்தபுரம் பொது நூலகமும் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்.

ஆனால் சாதாரணக் குடும்பங்கள் அந்தக் காலத்தில் பத்திரிகையில் காசு கொடுத்துப் போடவில்லை. பதினாறு அடியந்திரத்துக்கு அச்சடித்த கார்டுதான் உண்டு. 'இங்ஙனம்' என்று கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்கள் வரிசையாக இருப்பார்கள். மகள் பெயர் இல்லாமல் மருமகன் பெயர் மட்டும் இருக்கும், அதைப் பார்த்து மகள் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. பழைய பைபிளுக்குள், டிரங்குப் பெட்டிக் காகிதத்துக்கு அடியில் இந்த மாதிரிக் கார்டுகள் கிடக்கும். இப்போது ரோட்டோரத்தில் வைக்கும் பிளெக்ஸ் போர்டுகளையும் படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் கழற்றிவிடுவார்கள்.

முட்டம்_அலை

அதைப் படம் எடுத்து வைப்பது சரி. ஆனால் உயிரோடு இருக்கிறவர்களின் பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் இதையெல்லாம் பொது வம்சாவளித் தளங்களில் ஏற்றாதீர்கள் தயவுசெய்து. அதே மாதிரி, பதிவேட்டில் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை என்று ஒரு வரி பார்த்தால் அந்தக் குடும்பத்துப் பெரியவர்களிடம் பேசாமல் வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. அந்தப் பிள்ளையின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் வாழ்கிறார்கள். பங்குச் சாமியார்கள் புத்தகத்தைத் திறந்து காட்டத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். அவர்கள் தயங்குவது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேளிமலை

நண்பர்களே, இத்தனை பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மனமார்ந்த நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பங்கில் சாமியார் முதலில் யோசித்தார். பத்திரிகைத் துண்டைக் காட்டி, 1900-க்கு முந்தையது மட்டும் போதும், அவர் கண்முன் உட்கார்ந்தே பார்க்கிறேன் என்றதும் சம்மதித்தார். கல்யாணம் 1894-ல் நடந்திருக்கிறது. முட்டம்_அலை சொன்ன மாதிரியே ஒன்பது நாள் முன்னால் நிபந்தனை ஞானஸ்நானம். பழுப்பு மை, சாய்ந்த எழுத்து, பக்கத்தின் கீழ் மூலை பொடிந்து போயிருக்கிறது, ஆனால் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. அத்தையின் அப்பா பெயர் இருக்கிறது. அம்மா பெயரும் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரை எங்க வீட்டில் இன்று இருக்கும் ஒருவரும் கேட்டதில்லை. எங்க சித்தி போனில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவர்களில் ஒருவரின் வீட்டுப்பெயர் எங்க வீட்டுப்பெயர். அப்படியென்றால் பூட்டன் வீட்டிலிருந்து யாரோ போயிருக்கிறார்கள். அத்தையை வீட்டை விட்டே தள்ளிவிட்டார்கள் என்று நான் நினைத்திருந்ததை இந்த ஒரு கையெழுத்து மாற்றிவிட்டது.

அப்பா பெயர் கிடைத்ததால் ஆதாரம்_எழுத்து சொன்ன முதலாம் அட்டவணையில் தேடினேன். மலையாளத்தில் ஓர் ஒற்றிப் பிரமாணம் அகப்பட்டது, அவரும் அவர் தம்பியும் சேர்ந்து எழுதிக்கொடுத்தது. அதில் அவர்களின் அப்பா பெயர் கிறிஸ்தவப் பெயர் இல்லை. ஒற்றி வைத்த துண்டு நிலம் இன்றும் எங்க ஊரில் அதே பெயரோடு இருக்கிறது, வேறு குடும்பத்துக்குச் சொந்தமாக.

இப்போது கேள்வி, இந்தப் பெயருக்கு மேலே போக வழி உண்டா? பூட்டனின் அப்பா எந்த வருஷம் மிஷனில் சேர்ந்தார் என்று தெரிந்தால் போதும்.

தோவாளை_மரக்கால்

அற்புதம். பதிவுக்கு முந்தைய காலத்துக்கு வருவாய்க் கணக்கு ஒரு வழி. 1865-ல் பண்டாரவகைப் பாட்ட விளம்பரம் வந்து குடியானவர்களுக்குச் சர்க்கார் நிலத்தில் உரிமை கிடைத்தது. அந்த ஒற்றி நிலம் பண்டாரவகையா என்று பிரமாணத்திலேயே இருக்கும், பாருங்கள். அப்படியென்றால் 1883-ல் தொடங்கிய கண்டெழுத்தில் (நில அளவைப் பதிவு) சர்வே நம்பரோடு யார் பேரில் பதிந்தது என்று பார்க்கலாம். அதற்கும் முந்தைய ஓலைச் சுருணைகள் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் அது கோயில், சர்க்கார் கணக்கு, எழுத்தும் பழைய எழுத்து. படிக்கத் தெரிந்தவர் துணை இல்லாமல் போகாதீர்கள்.

லண்டன்_நாஞ்சில்

வேளிமலை, நான் இங்கே லண்டனில் இருக்கிறேன். லண்டன் மிஷன் காகிதங்கள் இங்குள்ள சோயாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் உள்ளன. திருவிதாங்கூரிலிருந்து மிஷனரிகள் அனுப்பிய கடிதங்கள் வருஷ வாரியாக இருக்கின்றன. சாதாரண சபை ஜனங்களின் பெயர்கள் அதில் வரும் என்று பெரிதாக நம்ப வேண்டாம். உபதேசியார், வாத்தியார், போர்டிங் பிள்ளைகள், உபத்திரவம் நடந்த ஊர்கள், இவைதான் வரும். உங்க பூட்டனின் அப்பா மிஷன் வேலையில் இருந்தவரா? எந்த மிஷன் ஸ்டேஷன், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். அடுத்த மாதம் விடுப்பில் ஒரு நாள் அங்கே போய் உட்காருகிறேன்.

வேளிமலை

நன்றி அண்ணே. நெய்யூர், 1845 முதல் 1880 வரை. வேலை என்னவென்று பிரமாணத்தில் விவசாயம் என்றுதான் இருக்கிறது, தம்பிக்கு மட்டும் வாத்தியார் என்று போட்டிருக்கிறது. இரண்டு பெயரையும் இப்போதே அனுப்புகிறேன்.

நெய்யூர்வாசி

தம்பி வாத்தியார் என்றால் மிஷன் பள்ளியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் எங்க பக்கத்திலும் சம்பளக் கணக்கு, பள்ளிக் கணக்கு என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கலாம். கமிட்டி சம்மதித்துவிட்டது, பழைய ரிஜிஸ்டர்களை வெயிலில் உலர்த்திப் படம் எடுக்கத் தொடங்குகிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாருங்கள் வேளிமலை, பறளியாறு நீங்களும் வாருங்கள். பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஆள் போதவில்லை. முட்டம்_அலைக்கு வர முடிந்தால் இன்னும் நல்லது. மதியச் சாப்பாடு எங்க வீட்டில்.